சொல் விளையாட்டுக்காக நீண்ட, அரிய சொற்களைக் கற்பது எப்படி?

மாங்குளத்துக்கு அருகிலிருந்து எழுதும் தாயார் ஒருவர், ஒன்பதாம் தரத்தில் படிக்கும் தம் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பாடசாலைத் தமிழ் மன்றம் நடத்தும் போட்டியில் குறுக்கெழுத்து, சொற்சங்கிலி, எழுத்து அட்டைகளை வைத்துச் சொல் ஆக்கல் ஆகிய மூன்றும் உண்டு. மகள் அகராதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, நீளமாகவும் அரிதாகவும் தோன்றும் சொற்களைக் கொப்பியில் எழுதி மனனம் செய்கிறாள். ஒரு கிழமைக்குள் பெரும்பாலானவை மறந்துவிடுகின்றன. மொழி தெரியாத ஒருவர் சொற்பட்டியலை மட்டும் மனனம் செய்து உலகப் பட்டம் வென்றார் என்று கேள்விப்பட்டதாகவும், அந்த வழி தமிழுக்குப் பொருந்துமா என்றும் அவர் வினவுகிறார். இதை நான் இரண்டு கேள்விகளாகவே விளங்கிக்கொள்கிறேன். பொருள் அறியாத மனனம் தமிழ்ச் சொல் விளையாட்டில் எவ்வளவு தூரம் உதவும் என்பது ஒன்று. கற்ற சொல் தேவைப்படும் நொடியில் நினைவுக்கு வரவேண்டுமாயின் அதை எவ்வாறு கற்க வேண்டும் என்பது மற்றது. வன்னியின் பாடசாலைகளில் நீண்ட காலம் தமிழ் கற்பித்தவன், மாணவர்களுக்குக் குறுக்கெழுத்துக் கட்டங்கள் ஆக்கிக் கொடுத்துவருபவன் என்ற முறையில் இரண்டுக்கும் விடை சொல்ல முயல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்ட செய்தி உண்மையானது. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாதவராக இருந்தும், 2015ஆம் ஆண்டில், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் ஆக்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் பிரெஞ்சு உலகப் போட்டியில் வென்றார். ஆனால் அந்த விளையாட்டின் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும். ஆங்கில ஸ்கிராபிளில் 26 எழுத்துகள். கையில் ஒரு நேரத்தில் 7 எழுத்துகள். ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் மேலதிகமாக 50 புள்ளிகள். எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்பதைத் தீர்ப்பதற்கு அச்சிட்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒருமை, பன்மை, வினையின் காலம் காட்டும் வடிவங்கள் என அனைத்தும் அதில் தனித்தனியே இடம்பெற்றிருக்கின்றன. உலகப் போட்டிகளில் வழங்கும் ஆங்கிலப் பட்டியலில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. எண்ணிக்கை பெரிதாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை உள்ள பட்டியலை, அபாரமான நினைவாற்றல் உடைய ஒருவர், பொருளைத் தொடாமலே மனத்தில் ஏற்றிவிட முடியும்.

தமிழில் அத்தகைய மூடிய பட்டியல் கிடையாது, இருக்கவும் முடியாது. ஒரு வினையடியிலிருந்து காலம், இடம், பால், எண் காட்டும் வடிவங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. பெயரோடு வேற்றுமை உருபுகள் சேர்கின்றன. இரு சொற்கள் புணர்ந்து மூன்றாவதொன்று பிறக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியின் ஆறு தொகுதிகளில் ஏறத்தாழ 104,000 சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் ‘படிக்கின்றாள்’ என்ற சாதாரணச் சொல் தனிப் பதிவாக இராது. ஆகவே பட்டியலை விழுங்கும் வழி, அது எந்த அமைப்புக்காகப் பிறந்ததோ அந்த அமைப்பிலேயே பெரும் பயன் தருகிறது. உங்கள் மகள் ஆங்கிலத்தில் விளையாடினால் என் விடை வேறாக இருக்கும். தமிழில் விளையாடும்போது அவள் கற்க வேண்டியவை சொல்லின் உறுப்புகளும் அவை இணையும் விதிகளுமே என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் ஒரு சொல் எவ்வளவு நீளலாம் என்பதற்கு நன்னூலில் பவணந்தி முனிவர் தெளிவான வரையறை தந்திருக்கிறார். பிரிக்க முடியாத பகாப்பதம் ஏழெழுத்து வரையிலும், பிரிக்கக்கூடிய பகுபதம் ஒன்பது எழுத்து வரையிலும் தொடரும் என்பது அவர் விதி. ஏழெழுத்துப் பகாப்பதத்துக்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று ‘உத்திரட்டாதி’. ஒன்பது எழுத்துப் பகுபதத்துக்கு அதன் மீதே விகுதி ஏறிய ‘உத்திரட்டாதியான்’. இடையில் ‘அம்பலவன்’ ஆறு, ‘அரங்கத்தான்’ ஏழு, ‘உத்திராடத்தான்’ எட்டு. போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளை முதலில் இந்தச் சொற்களை விரல் மடித்து எண்ணிப் பழகட்டும். மெய்யெழுத்தும் ஓர் எழுத்து, கட்டத்தில் அதற்கும் ஒரு சதுரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும், அவசரத்தில் ஒற்றைத் தவறவிட்டு எண்ணும் பழக்கம் பெரியவர்களிடமும் இருக்கிறது. (கைப்பேசியில் விளையாடினால் இன்னொரு கவனம் தேவை: கணினிக் குறியீட்டில் ‘கொ’ என்பது ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு அலகுகள். அதைக் கருதாமல் ஆக்கப்பட்ட செயலிகள் எழுத்தைப் பிழையாக எண்ணக்கூடும்.)

இந்த வரையறையின் பயன் என்னவென்றால், ஏழெழுத்தைத் தாண்டும் சொல் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் பிரியும் என்று எதிர்பார்க்கலாம். பிரியும் சொல்லை உறுப்பு உறுப்பாக விளங்கிக்கொண்டால் மனனத்தின் சுமை பெரிதும் குறைகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். அரிய சொற்களை நாடும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த ஓரிடத்தை நான் அறியேன். ‘நள்ளிருணாறி’ என்ற பெயரைப் பட்டியலில் பார்த்தால் நாக்குத் தடுமாறும்; நள், இருள், நாறி என்று பிரித்தால் நடு இருளில் மணம் வீசுவது என்ற பொருள் தானே வெளிப்படும், பின்னர் அந்தச் சொல்லை மறப்பதுதான் கடினம். எட்டெழுத்துள்ள ‘குறுநறுங்கண்ணி’யில் குறுமையும் நறுமையும் கண்ணியும் இருக்கின்றன, உரையாசிரியர் அதைக் குன்றிப்பூ என்கிறார், குன்றிமணியை அறியாத பிள்ளை நம் ஊரில் இல்லை. ‘செங்கொடுவேரி’, ‘சிறுசெங்குரலி’ ஆகியவற்றில் செம்மை என்ற பண்பு ஙகர ஒற்றோடு நிற்பதைக் கவனிக்கும் பிள்ளை, ‘செங்காந்தள்’ என்று அதே பாட்டில் வருவதைத் தானே கண்டுபிடிக்கும். ‘சிந்துவாரம்’ நொச்சி இனத்தைக் குறிப்பது. கிளிநொச்சி என்ற பெயரை அன்றாடம் எழுதும் பிள்ளைக்கு அதை நினைவில் நிறுத்த வேறு பிடி எதற்கு? பாலை, மருதம், கொன்றை, ஆத்தி, முல்லை என்று அந்த அடுக்கில் வருபவற்றுள் பலவற்றை வன்னிப் பிள்ளை காட்டோரத்திலும் குளக்கட்டிலும் நேரில் பார்த்திருக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு வெறும் ஒலியாக இருக்கும் பெயர் நம் பிள்ளைக்கு ஒரு மரமாக நிற்கும். இந்த வாய்ப்பை நாம் வீணாக்கக் கூடாது.

உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் வேலையை நம் ஊர்ப்பெயர்களே செய்கின்றன. வவுனியாவைச் சுற்றிப் புளியங்குளம், வேப்பங்குளம், ஈச்சங்குளம், பூவரசங்குளம் என்று எத்தனை ஊர்கள்! மரப்பெயர் முன்னும் குளம் பின்னும் நிற்க, நடுவில் ‘அம்’ என்ற சாரியை வந்து, அதன் மகரம் ககரத்தின் முன் ஙகரமாகத் திரிந்திருக்கிறது. ஊர்ப்பெயர்களைப் பொதுவாகப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். அதனால் குறையில்லை, ஏனெனில் அங்கே கற்ற விதி பொதுச் சொற்களுக்கும் செல்லும். புளியங்கொம்பு, வேப்பங்கொட்டை, ஈச்சம்பழம் ஆகிய மூன்றும் ஏழெழுத்துச் சொற்கள், மூன்றுக்கும் ஒரே விதி. நாவலில் மட்டும் அம் சாரியை வராமல் லகரம் றகரமாகி ‘நாவற்பழம்’ ஆகிறது; பாலையில் பகரம் இரட்டித்துப் ‘பாலைப்பழம்’ ஆகிறது. பாலைப்பழக் காலத்தில் பிள்ளையிடம் இந்த மூன்று வகையையும் கேட்டுப் பாருங்கள். புணர்ச்சி இலக்கணப் பாடத்தில் தயங்கும் பிள்ளைகூட இங்கே தயங்காது. வீட்டுக்கோடியில் முளைக்கும் பூண்டுகளும் கீரைகளும் அப்படித்தான்: முடக்கொத்தான், பொன்னாங்காணி, மொசுமொசுக்கை, கீழ்க்காய்நெல்லி. கடைசியாகச் சொன்னதில் எட்டு எழுத்துகள் உள்ளன.

விகுதியால் பெருகும் குடும்பங்களும் உண்டு. திருக்குறளில் மட்டும் வேளாண்மை, தாளாண்மை, பேராண்மை, ஊராண்மை, நல்லாண்மை, இல்லாண்மை என்று ‘ஆண்மை’யில் முடியும் சொற்கள் ஆறு எளிதில் கிடைக்கின்றன. தனித்தனியாகக் கற்றால் ஆறு சொற்கள். சேர்த்துக் கற்றால் ஒரு சொல்லும் ஆறு முன்னொட்டுகளும்.

இனி, கேட்கப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்ட சொற்களின் மீது பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசை நியாயமானதே. ஆனாலும் போட்டியின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மிகச் சிறிய சொற்களும், சொல்லின் முதலிலும் இறுதியிலும் நிற்கக்கூடிய எழுத்துகளும்தான். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகளை 42 என்று வரையறுக்கிறது: நெடில் 40, குறில் ‘நொ’, ‘து’ ஆகிய இரண்டு. உயிரில் ஆறு, மகரத்தில் ஆறு, தகர, பகர, நகரங்களில் ஐந்தைந்து, ககர, சகர, வகரங்களில் நான்கு நான்கு, யகரத்தில் ஒன்று. இந்த நாற்பத்திரண்டையும் பொருளோடு கற்பது ஒரு பிள்ளைக்குச் சில நாள் வேலை. எழுத்து அட்டை விளையாட்டில் இடுக்கான இடத்தை நிரப்ப இவற்றுக்கு ஈடு இல்லை.

மொழிமுதல் எழுத்துகள் நன்னூலின்படி 22: பன்னிரண்டு உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்து மெய்களின் வரிசைகளும். மொழியிறுதியில் நிற்பவை 24: பன்னிரண்டு உயிர், பதினொரு மெய், குற்றியலுகரம். முந்திய சொல் முடிந்த எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொற்சங்கிலி என்பது இந்த இரண்டு வரையறைகளுக்கும் இடையிலான இடைவெளியில் நடக்கும் விளையாட்டு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றின் வரிசைகளில் தமிழ்ச்சொல் தொடங்காது. ‘டு’, ‘று’, ‘ளை’, ‘ணை’ என்று முடியும் சொல்லைப் போட்டால் எதிரணி திணறும். நம் பாடநூல்கள் இலட்சம், இரத்தம் என்றே எழுதுவதால், லகர ரகரங்களில் தொடங்கும் கடன்சொற்களைக் கொண்டு தப்புவதும் இங்கு எளிதன்று. ஆனால் சில இடங்களில் இத்தகைய முடிவுக்கு அதன் முந்திய எழுத்தைக் கொள்வார்கள், வேறு சில இடங்களில் அந்தச் சொல்லையே விலக்கிவிடுவார்கள். எது உங்கள் மன்றத்தின் விதி என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் செய்யும் பயிற்சியில் பாதி பயனற்றுப் போகும்.

அரிய முதலெழுத்துகளில் தொடங்கும் சொற்களைத் தனியாகச் சேர்ப்பது மிகுந்த பலன் தரும். ஞகரத்தில் ஞாயிறு, ஞாலம், ஞானம் என்ற மூன்றோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். ஞமலி (நாய்), ஞாட்பு (போர்), ஞாழல் (ஒரு மரம்), ஞிமிறு (வண்டு), ஞெகிழி (கொள்ளி), ஞெண்டு (நண்டு) ஆகியவற்றை அறிந்த பிள்ளை அந்த இடத்தில் தனித்து நிற்கும். யகரத்தில் யானையும் யாழும் போனபின், யாமை, யாடு, யாறு என்று ஆமை, ஆடு, ஆறு ஆகியவற்றின் பழைய வடிவங்கள் இருக்கின்றன. புதிதாகக் கற்க வேண்டிய பொருள் எதுவும் அங்கில்லை. நௌவி (மான்), கௌவை (ஆரவாரம், பழிச்சொல்), மௌவல் (ஒரு முல்லை வகை), ஔடதம் (மருந்து), ஐவனம் (மலைநெல்) ஆகியவையும் அப்படிப்பட்டவை. இறுதியில் அரிதாக நிற்கும் மெய்களுக்கும் சொற்கள் உண்டு: நகர மெய்யில் முடியும் ‘வெரிந்’ முதுகைக் குறிக்கும், வகர மெய்யில் முடியும் ‘தெவ்’ பகையைக் குறிக்கும்.

எந்த மெய்யை அடுத்து எந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் மெய்ம்மயக்க விதி குறுக்கெழுத்தில் பேருதவி செய்கிறது. க், ச், த், ப் ஆகியவற்றை அடுத்து அதே மெய்யின் வரிசைதான் வரும். சக்தி, பக்தி போன்ற வடசொற்களே விலக்கு. ட், ற் ஆகியவற்றை அடுத்துத் தம் வரிசையோ க, ச, ப வரிசைகளோ வரும்: வெட்கம், காட்சி, நட்பு, கற்க, முயற்சி, கற்பு. ர், ழ் இரட்டிப்பதில்லை. ஒரு சதுரத்தில் ற் விழுந்திருந்தால் அடுத்த சதுரத்துக்கான வாய்ப்பு நான்கு வரிசைகளாகச் சுருங்கிவிடுகிறது; சொல்லையே அறியாத நிலையிலும் பாதித் தூரம் நடந்தாயிற்று. எழுத்து மயக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால் அலகு, அளகு, அழகு என்றும், உலவு, உளவு, உழவு என்றும் மும்மூன்றாகச் சேர்த்துப் பொருளோடு எழுதிப் பழகுவது அவசியம்.

நினைவில் நிறுத்தும் முறைக்கு வருகிறேன். இதில் ஐயத்துக்கு இடமில்லாதவை இரண்டு. மறதி கற்றவுடனேயே வேகமாகத் தொடங்கிப் பின்னர் மெதுவாகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885இல் தம்மீதே செய்த சோதனைகளால் காட்டினார். இடைவெளி விட்டு மீட்டல் செய்வது ஒரே அமர்வில் பலமுறை படிப்பதைவிட மேலானது என்பது அதன்பின் பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. மற்றது, மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து வரவழைப்பது நெடுநாள் நினைவுக்குச் சிறந்தது என்பது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் இதைத் தெளிவாக நிறுவினார்கள். உங்கள் மகள் கொப்பியில் எழுதி எழுதி வாசிக்கிறாள்; மறப்பதற்குக் காரணம் அவளுடைய திறனில் இல்லை, அந்த முறையில் இருக்கிறது. கொப்பியின் பக்கத்தை நடுவில் மடித்து, இடப்புறம் பொருளையும் வலப்புறம் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். பொருளை மட்டும் பார்த்துச் சொல்லை வேறு தாளில் எழுதட்டும். வந்த சொல்லை மூன்று நாள் கழித்தும், பிறகு ஒரு கிழமை கழித்தும், பிறகு ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள். வராத சொல்லை மறுநாளே கேளுங்கள். நாளொன்றுக்கு ஏழெட்டுப் புதிய சொற்களுக்கு மேல் வேண்டாம்.

நம் முன்னோர் இதை வேறு வழியில் செய்தார்கள். திண்ணைப் பள்ளிகளில், சொற்பொருள் கூறும் பழைய நூலாகிய நிகண்டைச் செய்யுளாகவே மனனம் செய்வித்தனர். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. ஆறுமுக நாவலர் அதை 1849இல் உரையுடன் அச்சிட்டார். அதன் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்லும்போது, சொற்களை எதுகையால், அதாவது இரண்டாம் எழுத்தால் வரிசைப்படுத்துகிறது. குறுக்கெழுத்துக் கட்டத்தில் முதற்சதுரம் வெறுமையாகவும் இரண்டாம் சதுரம் நிரம்பியும் இருக்கும்போது அகர வரிசை அகராதி கைகொடுக்காது. அந்த எதுகை வரிசை கைகொடுக்கும். செய்யுளாக மனனம் செய்வது, மடித்த கொப்பி முறையைவிடச் சிறந்ததா என்று கேட்டால், அங்கே என் உறுதி குறைகிறது. செய்யுளில் கற்ற என் மாணவர்களிடம் சொற்கள் நெடுங்காலம் தங்கின; ஆனால் அவர்கள் இயல்பாகவே வாசிப்பில் ஆர்வம் மிக்கவர்களாகவும் இருந்தார்கள், ஆகவே எது காரணம் என்று பிரித்துச் சொல்வது நேர்மையாகாது. ஒரு செய்யுளின் நடுவிலுள்ள சொல்லை எடுக்க முதலடியிலிருந்து ஓதிவர வேண்டியிருப்பதும் நேரக் கட்டுப்பாடு உள்ள போட்டியில் ஒரு தடை. அரிய சொற்களைக் கற்பதால் கட்டுரை எழுதும் திறன் உயரும் என்று சிலர் சொல்வதையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பழகிய பிள்ளைகளிடம் மட்டுமே அந்த உயர்வைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் பொருள் அறியாத சொல் எதையும் கொப்பியில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம், அதுவும் அவளுடைய சொந்த வாக்கியம். வயலில் வழங்கும் சொற்களையும் விட்டுவிடாதீர்கள்: பொலி, துருசு (மதகு), வான் (குளத்தின் மிகைநீர் வழியும் இடம்), காலபோகம், சிறுபோகம், வட்டவிதானை (வயல் நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர்). குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேட்டால் இன்னும் கிடைக்கும். இவற்றை நடுவர் ஏற்பாரா என்பது அவர் எந்த அகராதியை அளவுகோலாகக் கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. சென்னைப் பேரகராதி யாழ்ப்பாண வழக்கு என்று குறியிட்டுப் பல சொற்களைத் தருகிறது, ஞமலியையும் ஞிமிறையும் தருகிறது. 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் அகராதி தற்காலத் தமிழுக்கானது, ஆகவே பழஞ்சொற்கள் பலவற்றை அதில் எதிர்பார்க்க முடியாது. பொறுப்பாசிரியரிடம் அகராதியின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். விடை கிடைக்கும்வரை மகள் நாற்பத்திரண்டு ஓரெழுத்துச் சொற்களையும் ஞகர, யகரச் சொற்களையும் கற்கத் தொடங்கலாம். அதன்பின் குறிஞ்சிப்பாட்டின் பூக்களை நாளுக்கு ஐந்தாக எடுத்துக்கொள்ளலாம்.